வழுக்காத ஃபைபர் படகுத் தளம்: கழுவுதல் முதல் மறுபூச்சு வரை

படகில் ஏறியதும் முட்டி போட்டு உட்கார்ந்து, மேல்தளத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வைர வடிவிலோ சின்னச் சின்னச் சதுரங்களாகவோ மேடும் பள்ளமுமாக ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். ஈரத்தில் காலைப் பிடித்து நிறுத்துவது அந்த மேடுகளின் முனை. அழுக்கு போய் ஒளிந்துகொள்வது அந்தப் பள்ளங்களில். பள்ளம் சுத்தமாக வேண்டும், முனை தேயக் கூடாது. வழுக்காத தளத்தைப் பராமரிக்கும் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

படகின் பக்கச் சுவர் மங்கிப்போனால் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை போட்டு மெஷினால் தேய்த்து மறுபடி பளபளப்பைக் கொண்டுவந்துவிடலாம். மேல்தளத்தில் அது நடக்காது. ஃபைபரின் மேல் வெளித்தோலாக இருக்கும் ஜெல்கோட் பூச்சின் கனமே சாதாரணமாக அரை மில்லிமீட்டர்தான். அதைத் தேய்த்தால் முதலில் போவது முனை. பள்ளத்தில் இருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும், தளம் மட்டும் வழுக்க ஆரம்பிக்கும். அதனால் பளபளப்பை மறந்துவிடுங்கள். நல்ல தளம் மங்கலான வெள்ளையாக, கை வைத்தால் உறுத்துவதாக இருக்க வேண்டும்.

உங்கள் தளம் எந்த வகை?

எந்த வேலைக்கும் முன்னால் இது தெரிய வேண்டும். அச்சிலேயே வார்த்த ஜெல்கோட் தளத்தில் கோலம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக இருக்கும். துகள் கலந்து பெயின்ட் அடித்த தளத்தில் சொரசொரப்பு ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போல இருக்கும். ஒட்டிய ஷீட் என்றால் விளிம்பே காட்டிக் கொடுத்துவிடும்.

ஜெல்கோட்டா பெயின்ட்டா என்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் அசிட்டோன் நனைத்த துணியைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்து நிறம் துணியில் இறங்கினால் அது ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்காத சாதா பெயின்ட். ஹார்டனர் கலந்து அடித்த பாலியூரித்தேன் பெயின்ட்டும் ஜெல்கோட்டும் அவ்வளவு சுலபமாக இளகாது. வெயிலில் வெளுத்த ஜெல்கோட்டிலிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் துணியில் ஒட்டும். அதை பெயின்ட் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஃபோம் ஷீட் ஒட்டிய தளத்துக்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கரைப்பான் எதுவும் அதன் பக்கமே போகக் கூடாது. இனிச் சொல்வதெல்லாம் ஜெல்கோட், பெயின்ட் தளங்களுக்கு.

படி 1: கழுவுவதற்கு முன்னால் பாருங்கள்

பலரும் கழுவி முடித்த பிறகுதான் விரிசல் தேடுவார்கள். அழுக்காக இருக்கும்போதே பாருங்கள் என்பேன். மயிரிழை விரிசலில் அழுக்கு இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். கழுவிவிட்டால் கோடு மறைந்துவிடும், விரிசல் அப்படியே இருக்கும். கைப்பிடிக் கம்பி ஊன்றிய இடம், கயிறு கட்டும் கொம்பு, ஜன்னல் மூலை, படகின் முன்முனையான அணியத்தில் நங்கூரம் இழுக்கும் இடம் இவற்றைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துத் தளத்தைக் கோட்டுப் படமாக வரைந்து, கண்டதையெல்லாம் அதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது கோடு நீண்டிருக்கிறதா என்று தெரிய வேறு வழியில்லை.

கழுவிய பிறகு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும். தளம் காய்ந்துவரும்போது சுற்றிலும் வெளுத்துவிட்டாலும், விரிசல் ஓரமும், இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் விட்டுப்போன ஓரமும் கொஞ்ச நேரம் ஈரமாகவே நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் படகை விட்டு இறங்காதீர்கள்.

படி 2: நல்ல தண்ணீர், தாராளமாக

உப்புப் படிகமும் மணலும் கிடக்கும் தளத்தில் பிரஷ் போட்டால் நீங்களே உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். உயரமான இடத்திலிருந்து ஆரம்பித்து, தாழ்ந்த இடம் நோக்கி நல்ல தண்ணீரை ஓடவிடுங்கள். உப்பு கரையக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். வடிகால் துளைகளில் இலை, நூல், மீன் செதில் அடைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பக்கச் சுவர்களையும் நனைத்து வையுங்கள். காய்ந்த சுவரில் அழுக்குத் தண்ணீர் வழிந்தால் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும்.

கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு படியைச் செய்துவந்தாலே, மற்ற படிகள் பாதியாகக் குறையும்.

படி 3: தேய்ப்பது

பிரஷ் நடுத்தர விறைப்புள்ள நைலானாக இருக்கட்டும். இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது: முனையைத் தேய்க்கும், உதிர்ந்த கம்பித் துணுக்கு பள்ளத்தில் தங்கித் துருக்கறையும் ஆகும். அழுத்தித் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அழுத்தினால் பிரஷின் இழை வளைந்து, அதன் பக்கம் மேடுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நுனி பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது. கையைத் தளர்த்தி, பிரஷின் எடை மட்டும் விழும்படி, வேகமாகக் குறுகிய வீச்சில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்த நுரை கண்ணெதிரே சாம்பலாகும். பள்ளத்தில் இருந்தது மேலே வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நேரத்தில் ஒரு சதுர மீட்டர் போதும். மிதமான படகு சோப்பைக் கரைத்து ஊற்றி மூன்று நான்கு நிமிடம் ஊறவிடுங்கள், காய மட்டும் விடாதீர்கள். நடுவெயிலில் தளம் சுடும்போது இந்த வேலை வேண்டாம். புறங்கையை வைத்தால் பொறுக்க முடிகிறதா என்று பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் சோப்பு ஊறுவதற்குள் காய்ந்துவிடும். வைரக் கோலத்தில் ஒரு மூலைவிட்டத்தில் தேய்த்துவிட்டு, அடுத்த மூலைவிட்டத்திலும் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் நிழல் போல ஓர் அழுக்குக் கீற்று மிஞ்சும்.

சாம்பல் நுரை மறுபடி பள்ளத்தில் படிவதற்குள் தண்ணீர் அடித்து வெளியேற்றுங்கள். மின்சாரம் கிடைக்கும் இடமாக இருந்தால் நான் ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்துவேன். பள்ளத்தின் அடியில் தேங்கிய கலங்கல் தண்ணீரை அது எடுப்பது போல வேறெதுவும் எடுக்காது. பஞ்சுத் துணி வேண்டாம், முனைகளில் மாட்டித் திரி திரியாகப் பிய்ந்து ஒட்டும்.

பிரஷர் வாஷர் பற்றி: அகல விசிறியாகப் பீய்ச்சும் 40 டிகிரி முனை போட்டு, தள்ளி நின்று, சாய்வாக அடித்தால் நல்ல ஜெல்கோட்டுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் விரிசல் உள்ள இடத்திலும், சீலன்ட் ஓரத்திலும், பெயின்ட் உரியத் தொடங்கிய இடத்திலும் அடித்தால் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். முதல் படியில் குறித்த படம் இங்கே உதவும்.

படி 4: கறை

சோப்புக்குப் போகாததுதான் கறை. எல்லாவற்றுக்கும் ப்ளீச் ஊற்றுவது பெரும் பழக்கமாகிவிட்டது. எது எதனால் வந்தது என்று தெரிந்து அதற்குரிய மருந்தைப் போட்டால், தளமும் பிழைக்கும், உங்கள் தோள்பட்டையும் பிழைக்கும்.

துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம். ஜெல் வடிவில் கிடைப்பதை வாங்கினால் ஓடாமல் நின்று வேலை செய்யும். சில நிமிடத்திலேயே செம்பழுப்பு மறைவதைப் பார்க்கலாம். தேய்க்க வேண்டியதே இல்லை. இலை ஊறிய பழுப்புக் கறையும் இதற்கு அடங்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஒரு முறை ஊற்றுங்கள். அலுமினியம், துத்தநாகப் பூச்சுள்ள சாமான் மேல் இந்த அமிலத்தை நிற்கவிடாதீர்கள்.

போல்ட்டும் இல்லை, கம்பியும் இல்லை, ஆனால் உட்காரும் இடத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கறை இருக்கிறதா? அது பெரும்பாலும் சன்ஸ்கிரீன். அதில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து துரு நிறத்தைத் தரும். முதலில் சோப்புப் போட்டு எண்ணெயை எடுங்கள், அப்புறம் துருக்கறைக்குச் செய்த வைத்தியத்தையே செய்யுங்கள். எண்ணெய் இருக்கும்போது அமிலம் கறையைத் தொடாது. ஸ்ப்ரே சன்ஸ்கிரீனைத் தளத்தின் மேல் நின்று அடிக்கவே கூடாது. கறையை விடுங்கள், அந்த எண்ணெய்ப் படலத்தில் ஈரக் கால் நிற்காது.

கரும்புள்ளியாகப் படர்வது பூஞ்சை. ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசலில் ஆரம்பியுங்கள். போகாவிட்டால் மட்டும் நன்றாக நீர்த்த ப்ளீச்சைப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். ப்ளீச் எஃகைக் குழி குழியாக அரிக்கும், தையல் நூலையும் ரப்பர் பட்டையையும் கெடுக்கும். ப்ளீச்சும் அமிலமும் ஒன்றாகச் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். நான் துருக்கறை எடுக்கும் நாளில் ப்ளீச் பாட்டிலைப் படகுக்கே கொண்டுபோவதில்லை.

மீன் ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், உடனே. வெந்நீர் ஊற்றினால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் பெராக்சைடு. பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள், அதில் மணல் இருக்கும். ஈரத் துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தால் தானாக இளகி வரும். டீசல் சிந்தினால் முதலில் உறிஞ்சு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் சோப்பு. தண்ணீரில் எண்ணெயை ஓடவிட்டு அதன் மேல் சோப்பு ஊற்றுவது எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்தில் கலக்கத்தான் உதவும்.

ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட் விரித்த இடத்தில் வரும் மஞ்சள் கறை மட்டும் எதற்கும் மசியாது. ரப்பரில் உள்ள பொருளே ஜெல்கோட்டுக்குள் இறங்கிவிடுகிறது. மேட் விரிக்க வேண்டியிருந்தால் வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுங்கள்.

வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சு கறையை அழகாக எடுக்கும். மென்மையாகத் தோன்றினாலும் அது மிக நைசான உப்புத்தாள்தான். செருப்புத் தடம் போன்ற சின்ன இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சீலர். மெழுகு அல்ல

இந்தப் படியை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். பல வருடங்களுக்கு முன்னால், பக்கச் சுவருக்கு வாங்கிய மெழுகு மிச்சம் இருந்தது என்று தளத்திலும் பூசினேன். அன்று மாலை பார்க்க அருமையாக இருந்தது. மறுநாள் விடியற்காலை பனி இறங்கியிருந்தது. கூட வந்த நண்பர் கரையிலிருந்து காலை எடுத்து வைத்தார். குதிகால் முன்னால் ஓடியது. கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்ததால் தப்பினார். விலாவில் மூன்று வாரம் வலி இருந்தது. கீழே பார்த்தபோது அவர் குதிகால் ஓடிய தடம் பனியில் ஒரு முழ நீளத்துக்குத் தெளிவாகக் கிடந்தது. அந்தத் தடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மெழுகு முனையை மழுக்குகிறது. பள்ளத்தில் காய்ந்த மெழுகு வெள்ளை வெள்ளையாக நின்றுவிடவும் செய்கிறது. அதை டர்பன்டைனும் பல் பிரஷும் வைத்து ஒவ்வொரு கட்டமாக நோண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதே சமயம், பாதுகாப்பே இல்லாமல் விடவும் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் ஜெல்கோட்டின் மேற்பரப்பைச் சிதைத்து, சுண்ணாம்புப் பொடி போல ஆக்கிவிடும். நுண்துளைகள் விரிந்து, அழுக்கு முன்பைவிட ஆழமாகப் பிடிக்கும். அதனால் வழுக்காத தளத்துக்கென்றே தயாரித்த பாலிமர் சீலரை, அதாவது மேற்பரப்பை மூடிக் காக்கும் மெல்லிய பூச்சை, பயன்படுத்துங்கள். டப்பாவின் மேல் வழுக்காத தளத்துக்கு உரியது என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். சிலிகான் கலந்தது வேண்டாம். பின்னால் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் ஒட்டாமல் பொத்தல் பொத்தலாக விலகி நிற்கும்.

தளம் பள்ளம் வரைக்கும் காய்ந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துப் பூசி, பிரஷால் பள்ளத்துக்குள் பரப்பி, காய்வதற்குள் துண்டால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். முதலில் ஒரு சாண் அகலத்தில் மட்டும் பூசிக் காயவிட்டு, தண்ணீர் ஊற்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தள்ளிப் பாருங்கள். பூசாத இடத்துக்கும் பூசிய இடத்துக்கும் கால் வித்தியாசம் உணர்ந்தால் அந்தச் சீலர் வேண்டாம். கடும் வெயிலில் கிடக்கும் படகுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்படும். வழக்கமாக ஒரு வீச்சில் போகும் அழுக்கு போக மறுத்தால் சீலர் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

எந்தச் சீலரையும்விட நிழல் மேலானது. காற்று புகும்படி உயர்த்திக் கட்டிய ஒரு விரிப்பு வெயிலையும் எச்சத்தையும் ஒரே நேரத்தில் தடுக்கும். தளத்தோடு ஒட்டிக் கிடக்கும்படி மூடினால் மட்டும் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

படி 6: விரிசலும் தண்ணீரும்

பல படகுகளில் மேல்தளம் ஒரே பலகை அல்ல. மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ ஃபோமோ. மரத்துக்குத் தண்ணீர் போய்விட்டால் அழுகும். மேலே எவ்வளவு சீலர் பூசினாலும் பயனில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். தோல் விலகிய இடமும் நனைந்த இடமும் மந்தமாக, தொப்பென்று ஒலிக்கும். அடியில் குறுக்குச் சட்டம் வரும் இடத்திலும் ஒலி மாறும் என்பதால், படகின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தட்டுங்கள்.

தண்ணீர் பெரும்பாலும் போல்ட் துளை வழியாகத்தான் போகிறது. போல்ட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, கெட்டியாக்கிய எபாக்சி பசையால் நிரப்பி, இறுகியபின் பழைய அளவில் மறுபடி துளையிடுங்கள். இனி போல்ட் எபாக்சிக்குள் மட்டுமே போகும், மரத்தைத் தொடாது. துளையின் மேல் வாயைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்கி, போல்ட் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (மென்மையான ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) சுற்றி மாட்டுங்கள். கீழே நட்டைத் திருகுங்கள், மேலே போல்ட் தலையைச் சுழற்றாதீர்கள். பியூட்டைல் மெல்ல மெல்லத்தான் பிதுங்கும். ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஒரு கம்பியின் அடியிலிருந்து கதிர் போல விரியும் விரிசல் என்றால், அந்த இடம் சுமை தாங்காமல் வளைகிறது. அடியில் தாங்கு தகடு வைத்துப் பலப்படுத்தாமல் மேலே பூசினால் விரிசல் திரும்ப வரும். பலப்படுத்திய பிறகு விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவில் செதுக்கித் திறந்து ஜெல்கோட் நிரப்பலாம்.

கோலம் உடைந்த இடத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சேதமில்லாத பக்கத்து இடத்தில், ஒட்டாமல் வருவதற்கான பூச்சைப் பூசி, அதன் மேல் சிலிகான் ரப்பரைச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி இறுகியதும் உரித்தெடுங்கள். அதுதான் உங்கள் அச்சு. உடைந்த இடத்தில் ஹார்டனர் கலந்த ஜெல்கோட்டை நிரப்பி, கோலம் சுற்றிலும் பொருந்தும்படி அச்சை வைத்து அழுத்துங்கள். மெழுகு சேர்க்காத ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அச்சு மூடியிருப்பதால் அந்தத் தொல்லையும் தீரும். ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம்தான், அளந்து போடுங்கள். அது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் பாட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

படி 7: முனை போய்விட்டால்

கை வைத்தால் வழவழவென்று இருக்கிறதா? அப்போது துகள் கலந்த பெயின்ட்தான் வழி. முதலில் கரைப்பானால் மெழுகையும் எண்ணெயையும் துடையுங்கள், ஒரு கையில் கரைப்பானில் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகைக் கீறலுக்குள் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். பிறகு 80 எண் உப்புத்தாள். பள்ளத்துக்குள் அது போகாது, அங்கே தேய்ப்பு நாரால் தேயுங்கள். அப்புறம் எபாக்சி பிரைமர்.

மாஸ்கிங் டேப் ஒட்டும்போது கம்பி, கொம்பு, மூடி இவற்றைச் சுற்றி இரண்டு விரல் அகலம் வழவழப்பான ஓரம் விடுங்கள். தண்ணீர் ஓட அது வாய்க்கால், சீலன்ட் நன்றாக ஒட்டவும் அது தேவை. மூலைகளை ஒரு டப்பா மூடியை வைத்து வளைவாக வெட்டினால் பெயின்ட் அங்கிருந்து உரியத் தொடங்காது.

துகளை பெயின்ட்டில் கலந்து ரோலரால் உருட்டுவது சுலபம், ஆனால் துகள் அடியில் படிந்துகொண்டே இருக்கும், தளம் திட்டுத் திட்டாக வரும். நான் தூவும் முறையையே விரும்புகிறேன். ஒரு கோட் அடித்த உடனே, துளையிட்ட டப்பாவை நன்றாக உயர்த்திப் பிடித்து, ஈரமே தெரியாத அளவுக்குத் துகளைத் தூவுங்கள். காய்ந்ததும் ஒட்டாததைப் பிரஷால் பெருக்கி எடுத்துவிட்டு, மேலே இரண்டு கோட். கரடுமுரடான மணல் காலை நன்றாகப் பிடிக்கும், ஆனால் முட்டியையும் கயிறையும் அறுக்கும். உருண்டையான பாலிமர் துகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், கரு நிறத் தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும். ஹார்டனர் கலந்த பாலியூரித்தேனில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ரோலர், பிரஷ் மட்டும் பயன்படுத்துங்கள், முகக் கவசம் அணியுங்கள். ஸ்ப்ரே அடிப்பது வெளிக்காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி உள்ளவர்கள் செய்யும் வேலை.

காலையில் தளம் காய்ந்ததும் தொடங்கி, மதியம் திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். ஈர பெயின்ட்டின் மேல் மாலைப் பனி இறங்கினால் மங்கிப்போகும். கடைசிக் கோட் முழுதாக இறுகுவதற்குள் டேப்பை உரியுங்கள். நடமாட ஓரிரு நாளில் முடியும், ஆனால் ஒரு வாரமாவது நங்கூரத்தையோ பெட்டியையோ அதன் மேல் இழுக்காதீர்கள்.

மிஞ்சிய பெயின்ட்டையும் துகளையும் தேதியும் நிற எண்ணும் எழுதி மூடி வையுங்கள். அடுத்த முறை ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது அதே நிறமும் அதே துகளும் தேவைப்படும். திறந்த ஹார்டனர் மட்டும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும், அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.